மாமாவுக்கு ஒரு சுங்கான்

சுங்கான் பிடிக்கும் மனிதரை நீங்கள் நேரில் பார்த்திருக்கிறீர்களோ என்னவோ, சினிமாவில் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். பட்டு அங்கியும் வாயில் பைப்புமாக மாடிப்படியில் இறங்கி வந்து, மகளுடைய காதலனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "கெட் அவுட்!" என்று கர்ஜிப்பாரே, அந்தப் பணக்காரத் தகப்பனாரைத்தான் சொல்கிறேன்.

திண்டுக்கல்லில் இருக்கும் என் தாய்மாமாவுக்கு மாடியும் இல்லை. பட்டு அங்கியும் இல்லை. காதலிக்கும் வயதில் மகளும் இல்லை. ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். நாற்பது வருஷமாகச் சுருட்டுப் பிடித்தவர். ஊரோ புகையிலைக்குப் பேர் போன ஊர், கேட்க வேண்டுமா? சென்ற வருஷம் அவருடைய கன்னத்தின் உட்புறத்தில் வெள்ளையாக ஒரு திட்டுத் தெரிந்தது. டாக்டர் அதில் ஒரு துணுக்கை வெட்டிச் சோதனைக்கு அனுப்பினார். முடிவு வர ஒன்பது நாள் ஆயிற்று. அந்த ஒன்பது நாளும் அத்தை அடுப்பங்கரையை விட்டு வெளியே வரவில்லை. பத்தாம் நாள், "புற்று இல்லை. ஆனால் இனிமேல் ஒரு சுருட்டுக்கூட வாயில் வைக்கக் கூடாது" என்று டாக்டர் சொன்னார்.

மாமா சுருட்டை நிறுத்தினார். ஆனால் வாதம் செய்வதை நிறுத்தவில்லை.

"டாக்டர் சுருட்டைத்தானே கூடாது என்றார், மாப்பிள்ளை? பைப்பைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னாரா? பைப்புப் புகையை யாரும் நெஞ்சுக்குள் இழுப்பதில்லை. வாயில் வைத்து விட்டுவிடுவதுதான். நீ பிரான்ஸுக்குப் போகிறாயாமே! அங்கே பைப்புக்கென்றே ஓர் ஊர் இருக்கிறது என்று படித்திருக்கிறேன். முதல் பைப் நல்ல பைப்பாக இருக்க வேண்டும். நீதான் பார்த்துப் பொறுக்கிக்கொண்டு வர வேண்டும்" என்றார்.

அத்தை கதவோரம் நின்றிருந்தாள். நான் அவளைப் பார்க்காமல், "பார்க்கலாம், மாமா" என்றேன்.

'பார்க்கலாம்' என்பது தைரியமில்லாதவன் சொல்லும் சொல். சொன்ன பிறகுதான் அது எனக்கே தெரிந்தது.

பத்திரிகை வேலை பாரிஸோடு முடிந்துவிட்டது. கையில் மூன்று நாள் மிச்சம் இருந்தது. மாமா சொன்ன ஊரின் பெயர் ஸான் க்ளோட். பிரான்ஸின் கிழக்கே, ஸ்விட்சர்லாந்து எல்லைக்கு அருகே, ஜூரா மலைகளின் மடியில் இருக்கிறது. டோல் என்ற ஊரில் வண்டி மாறினேன். அங்கிருந்து போகும் மலை ரயில் பாதைக்குப் பிரெஞ்சுக்காரர்கள் வைத்திருக்கும் பெயர் என்ன தெரியுமா? 'தகைவிலான் குருவிப் பாதை'! வழியில் 36 சுரங்கங்கள், 18 மேம்பாலங்கள் என்று கணக்குச் சொல்கிறார்கள். நான் எண்ண ஆரம்பித்து, ஏழாவது சுரங்கத்தில் தூங்கிப் போனேன். மோரேஸ் என்ற ஊரை நெருங்கும்போது எதிரில் இருந்த பாட்டி என்னைத் தட்டி எழுப்பி, ஜன்னலைக் காட்டினாள். அடுக்கடுக்காகப் பாலங்கள்! சற்று முன் நாங்கள் கடந்து வந்த பாலம் எங்கேயோ தலைக்கு மேலே தெரிந்தது. அந்த மோரேஸ் மூக்குக் கண்ணாடிச் சட்டங்களுக்குப் பேர் போன ஊராம். ஜூரா மலையில் ஒவ்வோர் ஊருக்கும் ஒரு கைத்தொழில். குளிர்காலத்தில் பனி மூடிவிட்டால் வயலில் வேலை இல்லை. குடியானவன் வீட்டுக்குள் உட்கார்ந்து எதையாவது செதுக்கினான், கடைந்தான். தொழில்கள் அப்படி வளர்ந்தன.

ஸான் க்ளோட் சுமார் ஒன்பதாயிரம் பேர் வசிக்கும் சிறிய ஊர். பியென், தாக்கோன் என்ற இரண்டு ஆறுகள் கூடும் இடத்தில், மலைச் சரிவில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஒரு தெருவிலிருந்து அடுத்த தெருவுக்குப் போக மாடிப்படி ஏறுவது போல ஏற வேண்டியிருக்கிறது. ஐந்தாம் நூற்றாண்டில் இங்கே துறவிகள் வந்து மடம் அமைத்தார்கள். பிறகு ஏழாம் நூற்றாண்டில் வாழ்ந்த க்ளோட் என்ற மகானின் உடல், பல நூற்றாண்டுகளுக்குப் பின்னும் அழியாமல் இருப்பதாகப் பேச்சுப் பரவி, யாத்திரிகர்கள் குவிந்தார்கள். மன்னர் பதினோராம் லூயிகூட வந்தார். யாத்திரிகர் வந்தால் கடை வராமல் இருக்குமா? நம் பழனியில் பஞ்சாமிர்த டப்பாவோடு இறங்குவது போல, இங்கே வந்தவர்கள் மரத்தில் கடைந்த ஜபமாலையும் சின்னச் சிலைகளும் வாங்கிக்கொண்டு போனார்கள். பிரெஞ்சுப் புரட்சியின்போது 1794-ல் அந்தத் திருவுடலை எரித்துவிட்டார்கள். 1799-ல் ஊரே தீயில் எரிந்தது. மகான் போனார், யாத்திரை போயிற்று, கடைசல் தெரிந்த கைகள் மட்டும் மிஞ்சின.

அந்தக் கைகள் சும்மா இருக்கவில்லை. மூக்குப்பொடி டப்பா கடைந்தன. பைப்புக்குக் காம்பு கடைந்தன. அந்தக் காலத்துப் பைப் பெரும்பாலும் களிமண். கை தவறினால் சுக்குநூறு. மரத்தில் செய்தாலோ, புகையிலையோடு மரமும் சேர்ந்து எரிந்தது. 1850-களில்தான் இதற்கு ஒரு வழி பிறந்தது. மத்தியதரைக் கடலோரத்தில், கார்ஸிகா, ஸார்டீனியா, கலாப்ரியா பக்கங்களில் ப்ரையர் என்று ஒரு புதர்ச் செடி வளர்கிறது. அதன் வேருக்கும் தண்டுக்கும் நடுவே, மண்ணுக்குள், வயதான வேப்பமரத்தின் முண்டு மாதிரி ஒரு கட்டி உருள்கிறது. கல்லிலும் வறண்ட மண்ணிலும் கிடந்து இறுகிப் போன கட்டி. சுலபத்தில் தீப்பிடிக்காது, சூட்டைத் தாங்கும், புகையின் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். சுங்கானுக்கென்றே கடவுள் படைத்தது போல இருந்தது. ஸான் க்ளோட் அதைப் பற்றிக்கொண்டது. அரை நூற்றாண்டுக்குள் உலகத்தின் வாயில் இருந்த பைப்புகளில் பெரும்பகுதி இந்தச் சின்ன ஊரிலிருந்து போனது.

இன்றைய நிலை வேறு. ஆயிரக்கணக்கானோர் கடைந்த ஊரில், விரல் விட்டு எண்ணும்படியான பட்டறைகளே மிச்சம். ஊர் நடுவில் ஆளை விடப் பெரிய பைப் ஒன்றை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். ஒரு தொழில் நன்றாக நடக்கும்போது யாரும் அதற்குச் சிலை வைப்பதில்லை என்று அதைப் பார்த்தபோது எனக்குத் தோன்றியது.

பைப்புக்கும் வைரத்துக்கும் சேர்த்து ஒரு காட்சிசாலை இருக்கிறது. வைரம் பட்டை தீட்டுவது இவ்வூரின் இன்னொரு தொழில். மனித முகம், குதிரைத் தலை, கப்பல் என்று செதுக்கிய பைப்புகளைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். துருக்கியில் எஸ்கிஷெஹிர் பக்கத்தில் வெட்டியெடுக்கும் மீர்ஷாம் என்ற வெள்ளைக் கல்லில் செய்தவைதாம் எனக்குப் பிடித்தன. புதிதில் பால் போல வெளுத்திருக்குமாம். புகைக்கப் புகைக்கத் தேன் நிறம் ஏறுமாம். எல்லாம் அழகுதான். ஆனால், மீர்ஷாம் விழுந்தால் உடையும். மாமாவின் சாய்வு நாற்காலிக்கும் சிமெண்டுத் தரைக்கும் உள்ள உறவை நான் அறிவேன். மீர்ஷாம் வேண்டாம் என்று முடிவு செய்தேன்.

வெளியே வந்து நடந்தபோது ப்ளாஸ் டு ப்ரே என்ற சதுக்கத்தைக் கடந்தேன். 1944 ஏப்ரல் 9, ஈஸ்டர் ஞாயிறு. க்ளாஸ் பார்பி என்ற ஜெர்மன் அதிகாரி ஊரில் உள்ள ஆண்களையெல்லாம் இந்தச் சதுக்கத்துக்கு வரச் செய்தான். அவர்களில் 302 பேரைப் பொறுக்கி, புகென்வால்ட் வதை முகாமுக்கு அனுப்பினான். பலர் திரும்பவே இல்லை. எத்தனை கடைசல் இயந்திரங்கள் அன்று ஆள் இல்லாமல் நின்றனவோ! நான் போன நாளில் அங்கே இரண்டு பையன்கள் சைக்கிள் விட்டுக்கொண்டிருந்தார்கள்.

கடைக்கு வருகிறேன். சின்னச் சந்து, கண்ணாடிக்குப் பின்னால் வரிசையாகப் பைப்புகள். உள்ளே எழுபது வயதுப் பெரியவர், நீலத் துணியில் மேலங்கி போட்டுக்கொண்டு ஒரு கிண்ணத்துக்கு மெருகு ஏற்றிக்கொண்டிருந்தார். என் பிரெஞ்சும் அவர் இங்கிலீஷும் பாதி வழியில் சந்தித்தன.

"யாருக்கு? உங்களுக்கா?"

"என் மாமாவுக்கு. இதற்கு முன் பைப் பிடித்ததில்லை."

"அப்படியானால் அந்த அலமாரியைப் பார்க்காதீர்கள்" என்று விலை உயர்ந்த அலமாரிக்கு முதுகைத் திருப்பி நின்றார். ரேகை நெருப்பு ஜ்வாலை போல நேராக ஓடும் கட்டைக்குத்தான் அங்கே விலை. பார்க்க அழகே தவிர, புகையின் ருசிக்கும் ரேகைக்கும் சம்பந்தம் இல்லையாம். தம்முடைய விலை உயர்ந்த சரக்கைப் பற்றி இப்படிச் சொல்லும் வியாபாரியை நான் முதல் தடவையாகப் பார்த்தேன்.

பிறகு பாடம் ஆரம்பமாயிற்று. ஆரம்பக்காரனுக்கு நேரான காம்பு நல்லது. வளைந்த காம்பு பல்லில் தொங்குவதற்குச் சௌகரியம். ஆனால் வளைவில் ஈரம் தேங்கிக் குடுகுடு என்று ஹுக்கா மாதிரி சத்தம் போடும். கிண்ணம் ரொம்பச் சிறிதாக இருந்தால் சீக்கிரம் சுடும். ரொம்பப் பெரிதாக இருந்தால் புதியவனால் கடைசி வரை பிடித்து முடிக்க முடியாது. உள்வாய் இரண்டு சென்டிமீட்டர் போல இருந்தால் போதும். சுவர் தடித்திருக்க வேண்டும். ஆனால் பைப் கனக்கக் கூடாது. கையில் ஒன்றை வைத்து, "பல்லில் கடித்துக்கொண்டு புத்தகம் படிக்க முடியுமா என்று யோசியுங்கள்" என்றார். பஞ்சு சுற்றிய மெல்லிய கம்பி ஒன்றைக் காம்பின் முனையில் நுழைத்தார். அது எங்கும் முட்டாமல் ஓடிக் கிண்ணத்தின் அடி நடுவில் எட்டிப் பார்த்தது. "துளை அடியில் சரியாக வந்து சேர வேண்டும். மேலே தள்ளி வந்தால், கடைசிப் புகையிலை ஈரத்தில் ஊறி எரியாமலே கிடக்கும். இந்த ஒன்றைப் பார்க்காமல் வாங்குகிறவன் ஏமாந்தான்."

கடைகளில் பளபளக்கும் கெட்டிச் சாயத்தைக் கண்டால் சந்தேகப்பட வேண்டும் என்பது இன்னொரு பாடம். ப்ரையர் கட்டியில் மண்ணும் கல்லும் புகுந்த சின்னக் குழிகள் இருக்கும். அவற்றை மக்கு வைத்து அடைத்து மேலே கறுப்பாகப் பூசி மறைத்துவிடுவார்கள். ஒன்றிரண்டு குழி இருந்தால் பரவாயில்லை, மறைப்பதுதான் தப்பு. காம்பிலும் இரண்டு ஜாதி. எபனைட் காம்பு பல்லுக்கு மெத்தென்று இருக்கும். வெயிலில் வைத்தால் பாசி பிடித்தது போல நிறம் மாறும். அக்ரிலிக் காம்பு நிறம் மாறாது, பல்லுக்குக் கடினம்.

"இவ்வளவு பணம் போட்டுப் பழக்கம் பிடிக்காமல் போய்விட்டால்?" என்று கேட்டேன்.

"அமெரிக்காவில் சோளக் கட்டையில் பைப் செய்கிறார்கள். மலிவு. ஜெனரல் மக்ஆர்தர் அதைத்தான் பிடித்தார். புதியவனுக்கு மோசமில்லை" என்று சொல்லிவிட்டு, "இதை இந்த ஊரில் நான் சொன்னதாக வெளியே சொல்லாதீர்கள்" என்று சிரித்தார். அவர் பெயரைப் போடவில்லை. ஆகவே நான் வாக்குத் தவறவில்லை.

புகைப்பதற்கும் சாஸ்திரம் இருக்கிறது. கிண்ணத்தில் புகையிலையை மூன்று தடவையாக நிரப்ப வேண்டும்: முதலில் குழந்தை கையால் அமுக்குவது போல, பிறகு பெண்ணின் கையால், கடைசியில் ஆணின் கையால். நெருப்புக் குச்சியை ஒரு தடவை சுற்றிக் காட்டினால் இலை மேலே பொங்கும். அதை மெதுவாக அமுக்கி மறுபடி பற்றவைக்க வேண்டும். புதுப் பைப்பில் முதல் சில நாள் மூன்றில் ஒரு பங்கு மட்டுமே நிரப்ப வேண்டும். உட்சுவரில் காசின் கனத்துக்குக் கரி படிந்துவிட்டால் அப்புறம் கட்டைக்குப் பயமில்லை. சூடாக இருக்கும்போது காம்பைக் கழற்றக் கூடாது. ஒரு நாள் பிடித்தால் மறு நாள் அதற்கு ஓய்வு. அவசரக்காரன் புகுபுகு என்று இழுப்பான். நீராவி அவன் நாக்கைப் பதம் பார்த்துவிடும். சூடான காப்பியைச் சொட்டுச் சொட்டாகக் குடிப்பது போல இழுக்க வேண்டுமாம்.

புகையிலையிலும் புதியவன் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. வனிலா, செர்ரி என்று வாசனை கூட்டிய தூளைத்தான் முதலில் கை தேடும். பக்கத்தில் இருப்பவருக்கு வாசனை. பிடிப்பவனுக்கோ ஈரமும் நாக்கெரிச்சலும். வர்ஜீனியா இலையில் சர்க்கரை அதிகம், இனிக்கும். வேகமாக இழுத்தால் சுடும். பர்லி இலையில் இனிப்புக் குறைவு, நிதானமாக எரியும். ஸிரியாவிலும் ஸைப்ரஸிலும் விறகுப் புகையில் வாட்டிய லட்டாக்கியா என்று ஒன்று. பெரியவர் தம்முடைய சொந்த டப்பாவைத் திறந்து காட்டினார். நம் கிராமத்துக் கூரையடுக்களைக்குள் போனது போல இருந்தது எனக்கு. "உங்கள் மாமா இதற்கு முன் என்ன பிடித்தார்?" என்றார்.

"சுருட்டு. நாற்பது வருஷம்."

"ஏன் மாற்றுகிறார்?"

நான் சொல்லியிருக்க வேண்டாம். வெள்ளைத் திட்டைப் பற்றியும், ஒன்பது நாளைப் பற்றியும், டாக்டர் சொன்னதைப் பற்றியும் சொல்லிவிட்டேன். பெரியவர் லட்டாக்கியா டப்பாவை மூடினார். எனக்குப் புத்திமதி எதுவும் சொல்லவில்லை. "அது உங்கள் குடும்ப விஷயம், மஸ்யே" என்றார். பிறகு நான் பொறுக்கி வைத்திருந்த நேர்க்காம்புப் பைப்பைத் துடைத்து, துணிப் பையில் போட்டு, எண்பது யூரோ என்றார். கொடுத்தேன். "புகையிலை எதிர்ச் சாரியில் கிடைக்கும்" என்று மட்டும் சொன்னார்.

எதிர்ச் சாரியில் சிவப்புக் காரட் கிழங்கு போல ஒரு பலகை தொங்கியது. பிரான்ஸில் புகையிலைக் கடைக்கு அதுதான் அடையாளம். அந்தக் காலத்தில் புகையிலையைக் காரட் வடிவத்தில் சுருட்டி விற்றார்களாம். உள்ளே போய் ஒரு பர்லி டப்பாவைக் கையில் எடுத்தேன். மேலே எச்சரிக்கை வாசகம். அதைப் படிக்கப் பிரெஞ்சு தெரிந்திருக்க வேண்டியதில்லை.

மாமாவின் வாதம் என்னவோ கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அமெரிக்க அரசாங்கத்தின் தலைமை மருத்துவர் 1964-லேயே வெளியிட்ட அறிக்கையில், பைப் பிடிப்பதற்கும் உதட்டுப் புற்றுக்கும் உள்ள சம்பந்தம் எழுதப்பட்டுவிட்டது. வாய், நாக்கு, தொண்டை என்று அந்தப் பட்டியல் பிறகு நீண்டது. புகையை நெஞ்சுக்குள் இழுக்காவிட்டால் என்ன? அது தங்கும் இடம் வாய். மாமாவின் திட்டு இருப்பதும் வாயில். போதாக்குறைக்கு, நாற்பது வருஷம் சுருட்டு இழுத்தவர், பைப்பை மட்டும் வாயோடு நிறுத்திக்கொள்வார் என்று என்ன நிச்சயம்?

டப்பாவைத் திரும்ப வைத்துவிட்டு வெளியே வந்தேன். பெரிய தியாகம் செய்தவனைப் போல நடந்தேன் என்று நினைக்காதீர்கள். பைப் என் பையில்தான் இருந்தது. மாமாவிடம் 'வாங்க முடியவில்லை' என்று சொல்லத் தைரியம் இல்லாமல் பைப்பை வாங்கினேன். அத்தையின் முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லாமல் புகையிலையை விட்டேன். அவ்வளவுதான்.

திண்டுக்கல்லில் மாமா துணிப் பையைப் பிரித்து, பைப்பைக் கையில் ஏந்திப் பார்த்தார். நான் கம்பியை விட்டுத் துளையைக் காட்டினேன். குழந்தை கை, பெண் கை, ஆண் கை எல்லாம் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "புகையிலை எங்கே, மாப்பிள்ளை?" என்றார்.

"வாங்கவில்லை, மாமா."

"ஏன்?"

பதில் சொல்லாமல் அத்தையைப் பார்த்தேன். இந்தத் தடவை அவள் என்னைப் பார்க்கவில்லை.

மறுநாள் காலையில் நான் ஊர் திரும்பிவிட்டேன். அன்று சாயங்காலமே மாமா எங்கேயோ ஒளித்து வைத்திருந்த பழைய சுருட்டு ஒன்றை உதிர்த்து, கிண்ணத்தில் ஆண் கையாலேயே அமுக்கிப் பற்றவைத்திருக்கிறார். காட்டமான இலை, புதுக் கட்டை, அவசர மனிதர்! நாக்குப் பொத்துப் போயிற்று. அத்தை ஒன்றும் பேசாமல் மோரைக் கொண்டுவந்து வைத்தாளாம். கன்னத்துத் திட்டின் மேல் சூடு பட்டதோ என்று இரண்டு வாரம் கண்ணாடி முன் நின்று வாயைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார் என்று பிறகு தெரிந்தது. அந்த இரண்டு வாரமும் எனக்கும் தூக்கமில்லை. பைப்பை வாங்கிக் கொடுத்தவன் நான்தானே!

இது நடந்து எட்டு மாதம் ஆயிற்று. டாக்டர் இரண்டு தடவை பார்த்துவிட்டார், திட்டு வளரவில்லையாம். மாமா தினமும் காலையில் பைப்பைத் துடைத்து, காலிக் கிண்ணத்தோடு பல்லில் கடித்துக்கொண்டு பத்திரிகை படிக்கிறார். போன வாரம் எனக்கு ஒரு கடிதம் வந்தது. இதோ அவர் எழுதியிருப்பது:

"மாப்பிள்ளை, அந்த ஊர்க் கடைக்காரருக்கு ஒரு கடிதம் போடு. காம்பு மட்டும் தனியாகக் கிடைக்குமா என்று கேள். நீ வாங்கி வந்தது எபனைட் போலிருக்கிறது. கடித்துக் கடித்து ஓட்டை விழுந்துவிட்டது. இந்தத் தடவை அக்ரிலிக்காக இருக்கட்டும்."